ஹும்மல் வண்டியின் பீரங்கிக் குழல் வளைந்திருந்தால்

கேள்வி: மேசைப் போர் விளையாட்டுக்காக இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஹும்மல் பீரங்கி வண்டியின் 1:100 ரெசின் (அச்சில் வார்க்கும் பிசின்) மாடலை ஒருவர் மூலம் பாதி விலைக்கு வாங்கினேன். குழல் வளைந்திருக்கிறது. சங்கிலிப் பட்டை எவ்வளவு ஒட்டினாலும் கையோடு வந்துவிடுகிறது. திருப்பி அனுப்பவா? வீரர்களை ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடிப்பதா, அடித்துவிட்டு ஒட்டுவதா?

பதில்: திருப்பி அனுப்ப வேண்டாம். குழலை இடுக்கியால் பிடித்து நல்ல வெந்நீரில் சற்று நேரம் வையுங்கள். இளகியதும் நேராக்கி, பிடித்த பிடியிலேயே குளிர்ந்த நீரில் முக்குங்கள். உடைந்தே போனாலும் வண்டி வீணாகாது. பீரங்கி இல்லாமல் குண்டு மட்டும் சுமக்கும் ஹும்மல்களும் இருந்தன. அவற்றில் முன்பக்கத் துளையைத் தகட்டால் மூடியிருப்பார்கள். நீங்களும் ஒரு துண்டு பிளாஸ்டிக் தகட்டை வைத்து அடைத்துவிடலாம்.

பட்டை ஒட்டாததற்குக் காரணம் அநேகமாகப் பசைதான். மாடல் கடைகளில் தரும் பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவது. ரெசினிடம் அது பலிக்காது. சூப்பர் க்ளூ வாங்குங்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் சோப்பு நீரில் பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், அச்சின் எண்ணெய்ப் பிசுக்கு போகும். உப்புத்தாளை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வீரர்கள் பெயிண்ட் அடித்த பிறகுதான். மேலே திறந்த வண்டி, ஆட்களை ஒட்டிவிட்டால் உள்ளே பிரஷ் போகாது. பீரங்கியும் அப்படியே கடைசியில். ஆனால் பக்கச் சுவர்கள் தனித்தனியாக வரும் செட்டில் பீரங்கியைக் கடைசியில் வைப்பது சரிவராமல் போகலாம். பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். குழல் மேலிருந்து சாய்வாக இறங்கித் துளைக்குள் நுழைந்தால் சரி. நுழையவில்லையா? முதலில் தளம், சுவர்களின் உட்பக்கம், பீரங்கி மூன்றுக்கும் பெயிண்ட். பிறகு பீரங்கி, அதன்பின் சுவர், அப்புறம் ஆட்கள். ஒட்டும் விளிம்பில் மட்டும் பெயிண்ட் படக்கூடாது; பட்டால் சுவர் பெயிண்டோடு பெயர்ந்து வரும். உள்ளே வெள்ளை அடிக்காதீர்கள், அது மூடிய டாங்கிகளுக்கு. இதற்கு வெளியே உள்ள அதே அடர் மஞ்சள்தான்.

பாதி விலை என்றீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஒருவர் செய்த மாடலிலிருந்து அச்செடுத்துத் திருட்டு நகல் வார்த்து, "அதே சரக்குதான் சார்" என்று விற்கும் இடைத்தரகர்கள் ஏராளம். காற்றுக் குமிழி, மழுங்கிய ஆணித்தலை, சுருங்கிய உடல் எல்லாம் அதன் அடையாளங்கள். கடைப்படத்தை நம்பாமல் அனுப்பப்போகும் மாடலையே படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அளவுப் பெயரையும் நம்பாதீர்கள். வீரர் பொம்மையின் உயரத்தை வைத்து 15 மி.மீ. என்பார் ஒருவர், அதையே 1:100 என்பார் இன்னொருவர், 28 மி.மீ. என்றால் ஒரு கடையில் 1:56, பக்கத்துக் கடையில் 1:48. பெட்டியின் மேல் ஒரே மாதிரி அச்சடிக்க இவர்களுக்கு என்னதான் கஷ்டமோ! அடுத்த முறை பணம் அனுப்புமுன் நீளத்தைக் கேளுங்கள். 1:100 ஹும்மல் என்றால் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும்.