“கடவுள் கைவிட்டுட்டார்” என்று சொல்லிவிட்டு இறந்தவரின் விசுவாசம் என்னவாகும்?

கேள்வி: ஐயா, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் எட்டு மாதத்துக்கு முன் கல்லீரல் புற்றுநோயில் தவறிவிட்டார். கடைசி இரண்டு நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தேன். அப்போது என்னைப் பார்த்து, “கடவுள் என்னைக் கைவிட்டுட்டாரு புள்ள” என்றார். அதற்கப்புறம் பேச்சு இல்லை. போன வாரம் ஓர் ஊழியக்காரர் வீட்டுக்கு வந்தார். என் கணவர் அவிசுவாசத்தில் போய்விட்டாராம், அந்தச் சாபம் பிள்ளைகளைப் பிடிக்குமாம். அதை முறிக்க மூன்று நாள் உபவாச ஜெபம், காணிக்கை எழுநூறு வெள்ளி (ரிங்கிட்) என்றார். இயேசுவும் சிலுவையில் அப்படித்தானே கேட்டார் என்றேன். “அவர் கேட்டது ஜெபம், உன் புருஷன் சொன்னது முறுமுறுப்பு” என்கிறார். அது சரியா? பிதா இயேசுவை உண்மையிலேயே கைவிட்டாரா?

பதில்: அம்மா, முதலில் ஒன்று. அந்த எழுநூறு வெள்ளியைக் கொடுக்காதீர்கள். பாதி கொடுத்திருந்தால் மீதியைக் கொடுக்காதீர்கள். உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் எந்தச் சாபமும் இல்லை.

இப்போது இயேசுவின் வார்த்தைக்கு வருவோம். மத்தேயுவும் மாற்குவும் எழுதிய சுவிசேஷங்களில் இயேசு சிலுவையில் பேசியதாக இருப்பது ஒரே ஒரு வாக்கியம். “என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்” என்பதுதான் அது. சிலுவையில் இயேசு பேசிய ஏழு வாக்கியங்களைப் பெரிய வெள்ளியன்று தியானிக்கிறோமே, அந்த ஏழு வார்த்தை தியானத்தில் வரும் மற்ற ஆறும் லூக்காவிலும் யோவானிலும் இருந்து எடுத்தவை. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை இருள். அதன் முடிவில் இந்தச் சத்தம். கேட்டவர்களுக்கு அது மறக்கவே இல்லை போலும், அவர் பேசிய அரமேயு மொழியின் ஒலியோடு அப்படியே எழுதி வைத்துவிட்டார்கள். தமிழ் வேதாகமத்திலும் அதனால்தான் “ஏலீ! ஏலீ! லாமா சபக்தானி” என்று மொழிபெயர்க்காமல் நிற்கிறது.

இது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. “அப்படியானால் இயேசு வேதனையில் இல்லை, சும்மா ஒரு சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்” என்று சிலர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வருவார்கள். அதை ஏற்காதீர்கள். அந்தச் சங்கீதத்தின் 15ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். “என் பெலன் ஓட்டைப்போல் காய்ந்தது, என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது.” பஞ்சை நனைத்து வைத்த உங்களுக்கு இந்த வசனத்துக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த வாயிலிருந்து வந்த வார்த்தை அது. கூட இருந்தவர்கள் “ஏலீ” என்றதைக் கேட்டு, அவர் எலியா தீர்க்கதரிசியைக் கூப்பிடுகிறார் என்று தப்பாக நினைத்துக்கொண்டு, காடியில் தோய்த்த கடற்காளானை அவர் வாய்க்கு நீட்டினார்கள்.

பிதா கைவிட்டாரா என்றால், காப்பாற்ற வரவில்லை என்பது உண்மை. முந்தின இரவு கெத்செமனேயில் “இந்தப் பாத்திரம் நீங்கட்டும்” என்று கேட்டார், நீங்கவில்லை. எதிரிகள் கையில் விடப்பட்டார், சாவு வரைக்கும் விடப்பட்டார். பாவம் அறியாத அவரை நமக்காகப் பாவமாக்கினார் என்று பவுல் எழுதுகிறார். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பிதா மகனை வெறுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. மேடையில் இதைச் சொல்கிறவர்கள் ஆபகூக்கிலிருந்து “தீமையைப் பார்க்கமாட்டாத சுத்தக்கண்ணனே” என்று பாதி வசனத்தை எடுப்பார்கள். மீதிப் பாதியில் அந்தத் தீர்க்கதரிசியே, “அப்புறம் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறீர்” என்றுதான் கடவுளிடம் சண்டை போடுகிறார். 22ஆம் சங்கீதமும் 24ஆம் வசனத்தில், உபத்திரவப்பட்டவனுக்கு அவர் தம் முகத்தை மறைக்கவில்லை, கூப்பிட்டபோது கேட்டார் என்கிறது. “நான் தனித்திரேன், பிதா என்னுடனேகூட இருக்கிறார்” என்று இயேசு முன்பே சீடர்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஆதிச் சபையின் பிதாக்களான, 4ஆம் நூற்றாண்டின் நசியான்சுஸ் கிரகோரியும் அவருக்குப் பின் அகுஸ்தீனும் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. சிலுவையில் இயேசு தம் வாயால் நம் குரலைப் பேசினார் என்றார்கள். கைவிடப்பட்டதாக உணர்கிற மனிதனுடைய வாக்கியத்தை அவர் வாங்கிக்கொண்டார். 16ஆம் நூற்றாண்டின் சபைச் சீர்திருத்தவாதி கால்வின் அந்த வேதனையை நரக வேதனை என்றே எழுதினார். அவர்கூட, பிதா தம் மகன்மேல் ஒருபோதும் பகையாகவோ கோபமாகவோ இருக்கவில்லை என்கிறார்.

சரி, அந்த ஊழியக்காரர் சொன்ன வித்தியாசம். இயேசு கடவுளிடம் “கைவிட்டீர்” என்றார், உங்கள் கணவர் உங்களிடம் “கைவிட்டுட்டாரு” என்றார், அதனால் அது ஜெபமில்லை என்கிறார். கேட்க நுணுக்கமாக இருக்கிறது. உங்களுக்கு எட்டு நாளாகத் தூக்கம் போயிருக்கும் என்று தெரிகிறது, அதனால் இதைச் சற்று நிறுத்தியே சொல்கிறேன்.

ஏசாயா 49ஆம் அதிகாரம், 14ஆம் வசனம். “கர்த்தர் என்னைக் கைவிட்டார், ஆண்டவர் என்னை மறந்தார் என்று சீயோன் சொல்லுகிறாள்.” சீயோன் என்றால் எருசலேம். உங்கள் கணவர் சொன்ன அதே வாக்கியம். கடவுளிடம் சொன்னதுகூட இல்லை, கடவுளைப்பற்றிச் சொன்னது. அதற்குக் கடவுள் என்ன பதில் கொடுத்தார்? சாபமா? அடுத்த வசனத்தைப் படியுங்கள். “ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை.” இன்னும் ஒன்று. யோபு 30ஆம் அதிகாரத்தில் 19ஆம் வசனம், அவர் என்னைச் சேற்றில் தள்ளினார் என்கிறது. 20ஆம் வசனம், உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன், நீர் பதில் கொடுக்கவில்லை என்கிறது. ஒரு மூச்சில் “அவர்”, அடுத்த மூச்சில் “நீர்”. வலியில் இருக்கிறவன் இலக்கணம் பார்த்தா பேசுவான்? உங்கள் கணவருக்கு அடுத்த மூச்சுக்குப் பேச்சு இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். கடைசி அதிகாரத்தில் கடவுள் யாரைக் கண்டிக்கிறார் என்றும் பாருங்கள். புலம்பிய யோபுவை இல்லை. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவன் பாவத்தைத் தேடிய சிநேகிதர்களை.

அதனால் அந்த வித்தியாசம் நிற்காது. ஊழியக்காரர் மறுபடி வந்தால் இந்த இரண்டு பகுதிகளையும் அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த ஆட்களைப்பற்றி நான் முப்பது வருடமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இவர்கள் தானாக வருவதில்லை. இடையில் உள்ளூர் ஆள் ஒருவர் இருப்பார். சாவு வீட்டில் நாற்காலி அடுக்குவார், சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுவார், நல்ல மனிதராகத்தான் தெரிவார். இறந்தவர் கடைசியில் என்ன பேசினார், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, சேமநிதிப் பணம் எப்போது கைக்கு வரும், எல்லாம் அவருக்குத் தெரியும். சேமநிதி வருகிற மாதத்தில் ஊழியக்காரருக்குத் திடீரென்று தரிசனம் கிடைக்கும். “உங்கள் வீட்டில் ஒரு கட்டு இருக்கிறது” என்பார். முதலில் எண்ணெய்க் குப்பி, ஐம்பது வெள்ளி. அப்புறம், விதைத்தால் பல மடங்கு திரும்பும் என்று சொல்லி வாங்கும் விதைக் காணிக்கை. அப்புறம் குடும்பச் சாபம். தொகையை முதலில் சொல்லிவிட்டு ஜெபத்தைப் பிறகு சொல்கிறவர் யாராக இருந்தாலும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். உங்கள் கணவர் கடைசியாகப் பேசியதை நீங்கள் யாரிடமெல்லாம் சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வழி தெரிந்துவிடும்.

இவர்களுக்கு இடம் கொடுத்தது போதகர்களாகிய நாங்கள்தான் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று ஊர் சபைக்கு ஒரு போதகர். செம்பனைக் காட்டுக்குள் பதினைந்து மைல் தாண்டி இருக்கும் வீட்டுக்கு அவர் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிடுகிறது. இறையியல் கல்லூரியில் எங்களுக்குக் கிரேக்கம் கற்றுக்கொடுத்தார்கள். சாகிறவர் கட்டில் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று ஒரு மணி நேரம்கூடக் கற்றுக்கொடுக்கவில்லை. இது மாற வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் எழுதிக் கொடுக்கிறோம், கோப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளிக்குப் பொது விடுமுறை கிடையாது, சபாவிலும் சரவாக்கிலும்தான் உண்டு. வேலை விட்டு வருகிறவர்களுக்காகப் பல இடங்களில் இரவு ஆராதனைதான். நேரமாகிறது என்று ஏழு வார்த்தையையும் ஓட்டமாக ஓட்டுகிறோம். நான்காவது வார்த்தையான இந்த “ஏன் என்னைக் கைவிட்டீர்” வரும்போது, “இது பெரிய இரகசியம்” என்று சொல்லிவிட்டு ஐந்தாவதற்குப் போய்விடுகிறோம். நம் ஜனங்களுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேவைப்படுவது அந்த நான்காவதுதான்.

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். யூர்கன் மோல்ட்மான் என்ற ஜெர்மானியர். 1943 ஜூலையில் ஹம்பர்க் நகரத்தில் குண்டு விழுந்தபோது அவருக்கு வயது 17. பக்கத்தில் நின்ற நண்பன் செத்துப்போனான். கடவுள் எங்கே என்று அன்று இரவு கேட்டார், அதுவரை கடவுள் பக்தி இல்லாத வீட்டுப் பையன். பிறகு ஸ்காட்லாந்தில் போர்க் கைதியாக இருந்தபோது கையில் ஒரு வேதாகமம் கிடைத்தது. மாற்கு சுவிசேஷத்தில் இந்தக் கூக்குரலை வாசித்தபோது, என்னைப் புரிந்துகொள்ளும் ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. பிற்பாடு பெரிய இறையியலாளர் ஆனார். விசுவாசத்தைக் கெடுக்கும் என்று உங்களைப் பயமுறுத்துகிற அதே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பையன் கடவுளிடம் வந்தான்.

வருஷ நினைவு ஜெபத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அன்று வேறு எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டாம். 22ஆம் சங்கீதம், 31 வசனங்களையும் முழுவதுமாக மூத்த பிள்ளை வாசிக்கட்டும். முதல் வரியோடு நிறுத்திவிட வேண்டாம், 24க்கு நேராகத் தாண்டவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 15ஆம் வசனத்தில் குரல் அடைத்தால் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கட்டும். போதகர் வந்திருந்தால் அவரையும் காத்திருக்கச் சொல்லுங்கள்.