ஆடியோ கேசட்டை உருவாக்கியவர் யார்? அவரை ஏன் நினைவுகூர வேண்டும்?

நெதர்லாந்துப் பொறியாளர் லூ ஒட்டென்ஸ். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரிலிருந்த பிலிப்ஸ் தொழிற்சாலையில் அவர் தலைமையிலான குழு இதை உருவாக்கியது.

அதுவரை ஒலிப்பதிவு செய்ய விரும்பியவர், பெரிய சுருளிலிருந்து நாடாவைக் கையால் இழுத்துக் கோத்து மற்றொரு சுருளில் மாட்ட வேண்டும். பொறுமையும் பழக்கமும் உள்ளவர்களுக்கே அது வசப்பட்டது. ஒட்டென்ஸ் தன் கோட்டுப் பையில் அடங்கும்படி ஒரு மரத்துண்டை வெட்டி, கருவி இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்: கருவியைப் பயன்படுத்துபவரின் கோட்டுப் பையிலிருந்தே கணக்கைத் தொடங்கினார். அதற்காக நாடாவின் அகலம் 6.35 மி.மீட்டரிலிருந்து 3.81 மி.மீட்டராகக் குறைந்தது, இரு சுருள்களும் ஒரே பெட்டிக்குள் அடங்கின.

1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் வெளியானது. பிற நிறுவனங்களும் உரிமத் தொகையின்றித் தயாரிக்க பிலிப்ஸ் அனுமதித்ததால்தான் அது உலகமெங்கும் பரவியது.

பின்னர் குறுந்தகட்டின் உருவாக்கத்திலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஒலித்தரத்தில் கேசட்டைவிடக் குறுந்தகடே மேல் என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். 2021 மார்ச்சில், 94 வயதில் காலமானார்.