மேமோகிராமுக்குப் பதில் ஸ்கேன் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 42. சித்திக்கு 48 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்குக் கட்டி, வலி எதுவும் இல்லை. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தால் அந்தக் கதிர்வீச்சே புற்றுநோயைக் கொண்டுவந்துவிடும் என்கிறார்கள், வலியும் உயிர் போகுமாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் கேன்சர் ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டால் போதாதா? மாதாமாதம் நானே தடவியும் பார்த்துக்கொள்கிறேன்.

பதில்: போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ரத்தப் பரிசோதனையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். சிஏ 15-3 (ரத்தத்தில் புற்றுநோய் தொடர்பான ஒரு புரதத்தின் அளவு) போன்றவை ஏற்கெனவே நோய் இருப்பவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உதவுபவை. ஆரம்ப நிலைப் புற்றுநோய் உள்ள பலருக்கு இந்த அளவு நார்மலாகவே இருக்கும். புற்றுநோயே இல்லாதவருக்குக் கல்லீரல் கோளாறால் ஏறியும் காட்டும். ஆக, நார்மல் என்று வந்தாலும் நிம்மதி இல்லை, ஏறியிருந்தாலும் அர்த்தம் இல்லை.

இப்போது மேமோகிராம். நாம் தேடுவது கையில் தட்டுப்படும் கட்டியை அல்ல, தட்டுப்படுவதற்கு முன்பே இருப்பதை. பால் குழாய்களுக்குள் தொடங்கும் புற்றுநோய் பல நேரம் உப்புத்தூள் சிந்தியது போன்ற சுண்ணாம்புப் புள்ளிகளாகத்தான் முதலில் தெரியும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மேமோகிராம் படத்தில் அவை பளிச்சென்று விழும், அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் நழுவிவிடும். அதோடு, மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் மரணத்தைக் குறைக்கிறது என்று பெரிய ஆய்வுகளில் பல்லாண்டுக் கணக்கில் பார்த்து உறுதிசெய்யப்பட்ட படப் பரிசோதனை இது ஒன்றுதான்.

கதிர்வீச்சுப் பயத்துக்கு வருவோம். ஒருமுறை மேமோகிராம் எடுப்பதில் உடம்பில் சேர்வது சுமார் 0.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஏழெட்டு வாரத்தில் இயல்பாகவே நம் எல்லோர் மேலும் விழும் அளவுதான் அது. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 40 வயதுக்கு மேல் அந்த ஆபத்து மிகச் சிறியது, நன்மை அதைவிடப் பெரியது.

வலியை மறைத்துப் பேசி என்ன பயன்? மார்பை ஒரு தட்டின் மேல் வைத்து, மேலிருந்து இன்னொரு பிளாஸ்டிக் தட்டை இறக்கி அழுத்துவார்கள். 'மூச்சைப் பிடிங்க' என்று டெக்னீஷியன் சொல்லி, 'சரி, விடுங்க' என்பதற்குள் ஒரு படம் முடிந்துவிடும். பக்கத்துக்கு இரண்டு வீதம் மொத்தம் நான்கு படம். அழுத்தம் ஒவ்வொரு முறையும் சில விநாடிதான். மார்புத் திசு பரவினால்தான் உள்ளே ஒன்றின் மேல் ஒன்று மறைந்திருப்பது தெரியும், கதிர்வீச்சும் குறைவாகப் போதும். மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம் போனால் மார்பு அவ்வளவு நோகாது. அன்றைக்கு அக்குளில் டியோடரண்டு, பவுடர் எதுவும் வேண்டாம். அவற்றிலுள்ள துகள்கள் படத்தில் அதே சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே விழுந்து, தேவையில்லாமல் ஒரு கலவரத்தைக் கிளப்பும்.

அல்ட்ராசவுண்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. கொழுப்பு குறைவாகவும் சுரப்பித் திசு அதிகமாகவும் இருக்கும் மார்பகத்தை அடர்த்தியான மார்பகம் என்போம். தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, படத்தில்தான் தெரியும். 40 வயதைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கிறது, நோயொன்றும் இல்லை. சிக்கல் என்னவென்றால், மேமோகிராமில் இந்தத் திசுவும் வெள்ளை, புற்றுக்கட்டியும் வெள்ளை. பனிமூட்டத்தில் வெள்ளைப் புறாவைத் தேடுகிற கதைதான். உங்கள் ரிப்போர்ட்டில் அடர்த்தி 'சி' அல்லது 'டி' (அதாவது அடர்த்தியான மார்பகம்) என்று வந்தால், கூடவே அல்ட்ராசவுண்டும் எடுக்கலாமா, 3டி மேமோகிராம் உதவுமா என்று மருத்துவரிடம் பேசுங்கள். இன்னொன்று, கட்டி ஏதாவது தெரிந்தால் அது நீர்க்கட்டியா திடக்கட்டியா என்று பிரித்துச் சொல்வதில் அல்ட்ராசவுண்ட் கெட்டி. துணைக்கு நல்ல ஆள்தான், தனியாக அனுப்பக்கூடாது. வெப்பத்தைப் படம்பிடிக்கும் தெர்மோகிராபி இவற்றுக்கு மாற்றே அல்ல. 'வலியில்லை, கதிர்வீச்சில்லை' என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

எம்ஆர்ஐ எல்லோருக்கும் வேண்டியதில்லை. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்கள், இளவயதில் மார்புப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் போன்ற அதிக ஆபத்துள்ளவர்களுக்குத்தான் மேமோகிராமோடு சேர்த்து வருடாவருடம் எடுக்கச் சொல்கிறோம்.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர்வீர்களா என்பது சித்தியை மட்டும் வைத்து முடிவாகாது. அம்மா, அக்கா, தங்கை, மகள் என்றால் ஆபத்து கூடுதல். சித்தி ஒருவருக்கு மட்டும், அதுவும் 48 வயதில் என்றால் கொஞ்சம்தான் கூடும். ஆனால் குடும்பத்தில் விசாரியுங்கள்: வேறு யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்ததா, ஆண்கள் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா? அப்பா வழியையும் விடாதீர்கள். 'அது அத்தைக்குத்தானே' என்று பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள், மரபணுவோ இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். ஒன்றுக்கு மேல் ஆள் தேறினால் மரபணு ஆலோசனைக்குப் போகலாம். அந்தப் பரிசோதனையை முடிந்தால் நோய் வந்த சித்தியிடமே தொடங்குவது நல்லது. அவரிடம் மாற்றம் தெரிந்தால் உங்களுக்கு எதைத் தேடுவது என்பது தெளிவாகிவிடும்.

மாதாமாதம் தடவிப் பார்ப்பது பற்றி: ஷாங்காய் நகரில் 2,66,000 பெண் தொழிலாளர்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். 2002இல் முடிவு வந்தது. சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடமும் கற்காதவர்களிடமும் மரணம் ஒரே அளவுதான். கற்றுக்கொண்டவர்களுக்குச் சாதாரணக் கட்டிகளுக்கான பயாப்ஸிதான் (திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது) அதிகமாயிற்று. அதனால் நாள் குறித்துத் தேட வேண்டாம். குளிக்கும்போதும் உடுத்தும்போதும் உங்கள் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்பது தெரிந்திருந்தால் போதும். புதிதாகக் கட்டி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தம் கசிவது, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆவது என்று எது தெரிந்தாலும் உடனே காட்டுங்கள். 'போன மாதம்தான் மேமோகிராம் எடுத்தேன், நார்மல்' என்று அதை ஒதுக்காதீர்கள். இருக்கும் புற்றுநோயில் எட்டில் ஒன்றை மேமோகிராமும் தவறவிடுகிறது.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதில் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. நோய்த்தடுப்புப் பரிசோதனைகளுக்குப் பரிந்துரை தரும் அமெரிக்கப் பணிக்குழு 2024இல் 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றது. பிரிட்டன் 50 வயதில் தொடங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிடுகிறது. உங்களுக்கு நான் சொல்வது: இப்போதே ஒன்று எடுங்கள். ரிப்போர்ட்டையும் குடும்பக் கதையையும் வைத்து, அடுத்தது ஒரு வருடத்திலா இரண்டு வருடத்திலா என்று முடிவு செய்யலாம்.

எடுத்த பிறகு 'இன்னொரு படம் வேண்டும், வாங்க' என்று போன் வந்தால் பதறாதீர்கள். முதல் முறை எடுப்பவர்களுக்கு இது அதிகம் நடக்கும், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லையே. அப்படி அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. இந்த அலைச்சலும், சில நேரம் உயிருக்குத் தொல்லை தந்திருக்காத ஒன்றைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்யும்படி ஆவதும் இந்தப் பரிசோதனைக்கு நாம் கொடுக்கும் விலை. அதையும் தெரிந்துகொண்டே போங்கள். படங்களின் சிடியைக் கையோடு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த முறை எந்த இடத்தில் எடுத்தாலும் அது கேட்கப்படும்.