பிக்கர் தாமஸின் குற்றத்தை எப்படி எடைபோடுவது?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்கு அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் 'நேட்டிவ் சன்' நாவலை எடுத்திருக்கிறேன். இன ஒதுக்கலும் வறுமையுமே அதன் நாயகனான கறுப்பின இளைஞன் பிக்கர் தாமஸைக் கொலைகாரனாக்கின என்று எழுதினால், "அப்படியானால் அவன் செய்தது சரியா?" என்று நெறியாளர் கேட்கிறார். வாதத்தை எப்படி அமைப்பது?

பதில்: நெறியாளரின் கேள்வி நியாயமானது. 'சூழ்நிலையே காரணம்' என்ற ஒற்றை வரி அதற்குப் பதிலாகாது. பிக்கர் செய்தவற்றை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டாமல் ஒவ்வொரு செயலாகப் பிரித்தெடுத்து, அந்த நேரத்தில் அவனுக்கு வேறு எந்த வழிகள் இருந்தன, இல்லாத வழிகளை அடைத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

1940இல் வெளியான இந்த நாவல் சிகாகோவில் கறுப்பினத்தவர் வாழும் சவுத் சைடு பகுதியில், தாயும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து வாழும் ஒற்றை அறையில் தொடங்குகிறது. பிக்கர் ஒரு எலியை வாணலியால் அடித்துக் கொல்கிறான். அதோடு விடாமல், செத்த எலியைத் தங்கையின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து அவளை மயங்கி விழச் செய்கிறான். தன் பயத்தை மறைக்கத் தன்னைவிட எளியவரைப் பயமுறுத்தும் இந்தப் பழக்கம் நாவல் முழுக்கத் தொடர்கிறது. ஒரு வெள்ளையரின் கடையில் கொள்ளையடிக்க நண்பர்களோடு திட்டமிட்டுவிட்டு, உள்ளூர நடுங்கியவன் அந்த நடுக்கத்தை ஒளிக்கவே நண்பன் கஸ்ஸின் மீது கத்தியோடு பாய்கிறான். அதுவரை அவர்கள் கறுப்பினத்தவரிடம் மட்டுமே திருடியிருந்தார்கள். அதைக் காவல்துறை பெரிதாகப் பொருட்படுத்தாது என்பது அவர்களுக்குத் தெரியும். எது குற்றம், எது குற்றமில்லை என்ற அவர்களின் கணக்கில் பாதி இப்படிச் சட்டத்திடமிருந்து கற்றதுதான்.

அந்த அறைக்கு வாரம் 8 டாலர் வாடகை. கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனமோ, பிக்கருக்கு ஓட்டுநர் வேலை கொடுக்கும் டால்ட்டனின் கையில் இருக்கிறது. கறுப்பின இளைஞர்களுக்கு மேசைப்பந்து மேசைகளை நன்கொடை தரும் அவர், வேறு பகுதிகளில் அவர்களுக்கு ஏன் வீடு தருவதில்லை என்று கேட்டால் பழைய வழக்கம் என்கிறார். போட்டியாளர்களைவிட வாடகையைக் குறைப்பது அறமாகாது என்கிறார். வெள்ளையர் பகுதிகளில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தங்கள் அன்றைய சிகாகோவில் நடைமுறையில் இருந்தன. நீதிமன்றங்கள் அவற்றை அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான். உங்கள் ஆய்வேட்டில் ஒரு இயல் முழுவதையும் டால்ட்டனுக்குக் கொடுக்கலாம் என்பேன். பிக்கரை வடித்த அதே ஏற்பாடுதான் இவருடைய 'அற'த்தையும் வடித்திருக்கிறது.

இரண்டு கொலைகளையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். குடித்துத் தள்ளாடும் டால்ட்டனின் மகள் மேரியை அவளது படுக்கையறையில் கொண்டுவிடும்போது பார்வையற்ற திருமதி டால்ட்டன் உள்ளே வர, வெள்ளைக்காரப் பெண்ணின் அறையில் பிடிபட்டால் தன் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள் என்ற பீதியில் அவள் முகத்தில் தலையணையை அழுத்துகிறான்; அவள் மூச்சுத்திணறி இறந்துவிடுகிறாள். கொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இல்லை. பிணத்தை உலையில் எரிப்பதும், பணம் கேட்டுக் கடிதம் எழுதுவதும் அப்படி அல்ல. காதலி பெஸ்ஸியை வன்புணர்ந்து, தூங்குபவளைச் செங்கல்லால் அடித்துக் கொல்வதோ யோசித்து எடுத்த முடிவு. அவளும் கறுப்பினப் பெண், அவளும் ஏழை, அவனைப் போலவே வழியற்றவள். வறுமையை விளக்கமாக வைத்தால் இந்தக் கொலையை விளக்க முடியும், ஆனால் அவனை விடுவிக்க முடியாது. நெறியாளருக்கான பதிலை இந்த இடத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

இத்தகைய நாவல் மனிதனின் சிக்கலைச் சுருக்கிவிடுகிறது என்று எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1949இல் எழுதிய விமர்சனத்தையும் சேர்த்துப் படியுங்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு. மறுபாதிக்கு, பிக்கர் பிடிபட்ட பிறகு நடக்கும் மரண விசாரணைக் காட்சியே பதில். அங்கே பெஸ்ஸியின் உடல் கொண்டுவரப்படுவது அவளுக்கு நியாயம் கேட்பதற்காக அல்ல, மேரியின் வழக்கில் ஒரு சான்றாகக் காட்டுவதற்காக. அதைக் கண்டு கொதிப்பவன் அவளைக் கொன்ற பிக்கரேதான்.