பெரிய ஃபெஸ்டிவல் கூப்பிடுது, போலாமா வேண்டாமா?

கேள்வி: நாங்க அஞ்சு பேரு பேண்டு, சொந்தப் பாட்டு மட்டும்தான், வில்லுப்பாட்டு குடமும் செண்டையும் சேத்து நம்ம பாஷையில பாடுறோம். மும்பைல ஒரு பெரிய ஃபெஸ்டிவல்ல இருந்து மெயில் வந்திருக்கு. மத்தியானம் மூணு மணிக்கு 25 நிமிஷம், 40,000 ரூபா, போக்குவரத்து எங்க செலவு. எங்கப்பா, "ஒரு கோயில் திருவிழா கச்சேரிக்குப் போனா இந்தப் பைசா இங்கேயே கெடைக்குமே, பின்ன எதுக்கு மும்பை"ங்காரு. போலாமா?
*(தக்கலை வாசகர்)*

பதில்: அப்பா கணக்கு தப்பே இல்ல தம்பி. கைக்கு வாறது 40,000, நாகர்கோவில்ல இருந்து மும்பைக்கு நேர் ட்ரெயின் இருக்கு ஆனா ஒன்றரை நாளு பக்கம் ஆவும், அஞ்சு பேருக்கு போவ வர டிக்கெட், குடத்தையும் செண்டையையும் ஒடையாம கொண்டு போவணும், அங்க ரெண்டு ராத்திரி ரூமு, சாப்பாடு, ஆட்டோ. மிச்சம்னு ஒண்ணும் நிக்காது. இது உங்க ஃபெஸ்டிவல் மட்டும் இல்ல, அமெரிக்காவுல ஆஸ்டின்ல 1987ல இருந்து நடக்கிற சவுத் பை சவுத்வெஸ்ட் பேரு பெத்ததுதான், அங்கேயே ஒரு பேண்டுக்கு 250 டாலர்னு வருஷக்கணக்கா வச்சிருந்தாங்க, இசைக்காரங்க கூட்டா நின்னு சத்தம் போட்ட பொறவு 2024ல 350 ஆச்சு. அதனால பைசாவுக்காகன்னா போவாதீங்க.

"ஆயிரக்கணக்கான பேரு கேப்பாங்களே"ன்னு தோணும். கோட்டார் சவேரியார் கோயில் பத்தாம் திருவிழாவுக்கு வாற கூட்டத்தப் பாத்து, ஓரத்துல பஜ்ஜி போடுறவரு இது எனக்கு வந்த கூட்டம்னு சொல்லிக்கிட முடியுமா? 2023 ஜனவரியில லொல்லாபலூசாங்கிற வெளிநாட்டு ஃபெஸ்டிவல் மொதல்ல மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸுக்கு வந்தப்போ டிக்கெட் வித்தது இமேஜின் டிராகன்ஸ், ஸ்ட்ரோக்ஸ்ங்கிற அமெரிக்க பேண்டுங்க பேருக்கு. மூணு மணி வெயில்ல முன்னால நிக்கிறது கொஞ்சப் பேரு, அதுலயும் பாதி ராத்திரி வாறவங்களுக்கு எடம் புடிக்க வந்தவங்க.

இவ்வளவு சொல்லிட்டும் நான் போங்கன்னுதான் சொல்லுவேன், ஆனா ரெண்டு காரியம் ரெடியா இருந்தா மட்டும். ஒண்ணு, ஸ்பாட்டிஃபைலயும் யூடியூப்லயும் குறைஞ்சது நாலஞ்சு பாட்டாவது கெடக்கணும், ஒருத்தன் கேட்டுட்டு ஃபோன்ல தேடுனா ஒண்ணுமே வரலன்னா அந்த 25 நிமிஷமும் வீணு. இன்னொண்ணு, அந்த மேடையில எடுக்கிற வீடியோ உங்களுக்கு தருவாங்களா, நீங்க போட்டுக்கிடலாமான்னு மெயில்லயே எழுதி வாங்கணும், ஏன்னா நல்ல லைட்டு, நல்ல கேமரா, ஒவ்வொரு கருவியும் தனித்தனியா பதியிற மல்டிட்ராக் ஆடியோன்னு நம்ம கைப்பைசா போட்டு எடுத்தா அந்த 40,000 காணாது, உண்மையான சம்பளமே அதுதான் கேட்டியளா. அடுத்த ஃபெஸ்டிவலுக்கு, வெளிநாட்டு அப்ளிகேஷனுக்கு, கிளப்புக்காரனுக்கு எல்லாம் அனுப்புறது அந்த மூணு நிமிஷ கிளிப்தான்.

போற வழியில புனேலயோ பெங்களூர்லயோ சின்ன கிளப் ஒண்ணு ரெண்டு புடிச்சா ட்ரெயின் செலவு பங்காவும். அதுக்கு முன்ன காண்ட்ராக்ட்ட பாருங்க, "இத்தன நாளைக்கு பக்கத்துல எங்கயும் வாசிக்கக் கூடாது"ன்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும். அமெரிக்காவுல கோச்செல்லாங்கிற பெரிய ஃபெஸ்டிவல் டிசம்பர் 15ல இருந்து மே 1 வரைக்கும் வட அமெரிக்காவுல வேற ஃபெஸ்டிவலே கூடாதுன்னு போட்டு, 2018ல ஒரேகான்ல ஒரு சின்ன ஃபெஸ்டிவல் கோர்ட்டுக்கே போச்சு. பெரிய ஆளுக்கு அது சரி, 40,000 வாங்குற பேண்டுக்கு எதுக்கு அந்த வரி? எடுக்கச் சொல்லுங்க, கேட்டா எடுக்கிறவங்களும் உண்டு.

கேள்வி: செலக்ட் ஆயிட்டீங்க, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 15,000 கட்டுங்கன்னு ஒரு ஃபெஸ்டிவல்காரங்க சொல்றாங்க. கட்டலாமா?
*(குளச்சல் வாசகர்)*

பதில்: கட்டாதீங்க. பாடுறவன் கிட்ட பைசா வாங்கி நடத்துறவனுக்கு டிக்கெட் விக்கணும்னு அவசியமே இல்ல, அப்போ கூட்டத்துக்கு என்ன உத்தரவாதம்.

கேள்வி: நான் தனியா கிட்டார் வச்சுப் பாடுறவ. பெரிய ஃபெஸ்டிவல் எல்லாம் இப்போதைக்கு கெடைக்காது. எங்க தொடங்க?
*(மார்த்தாண்டம் வாசகி)*

பதில்: மக்ளே, நீங்க இருக்கிற எடத்துக்கு சென்னைய விட திருவனந்தபுரம் பக்கம், அத நாம மறந்து போறோம். 2003ல அங்க இருந்து கெளம்புன அவியல் பேண்டு மலையாளத்துல நாட்டுப்புற வாசனையோட ராக் வாசிச்சுதான் பேரு எடுத்தாங்க, பாஷைய மாத்தல. கோவளம் பக்கம் வெள்ளார் கிராஃப்ட் வில்லேஜ்ல 2022ல சொந்தப் பாட்டு பாடுற இண்டிக்காரங்களுக்குன்னே ஒரு சர்வதேச ஃபெஸ்டிவலும் நடந்துது. தமிழ்ல பாக்கணும்னா 2020 டிசம்பர்ல தொடங்குன மார்கழியில் மக்களிசை மாதிரி மேடை, அங்க வாறவங்க கானாவும் பறையும் நாட்டுப்புறமும் கேக்கணும்னே வாறவங்க. எண்ணிக்கை கம்மியா இருந்தாலும் அந்த ஆளுங்கதான் நமக்கு நிப்பாங்க.

பொறவு, நம்ம கோயில் கொடை, திருவிழா மேடைய கேவலமா நெனைக்காதீங்க. கமிட்டிக்காரரு சினிமாப் பாட்டுதான் கேப்பாரு, சரி, பத்துப் பாட்டுக்கு நடுவுல சொந்தப் பாட்டு ரெண்ட நுழைச்சுப் பாருங்க. நாற்காலியில இருக்கிற அம்மாமாரு எந்திரிச்சுப் போறாங்களா, இருந்து கேக்குறாங்களான்னு அங்கேயே தெரியும். இந்தப் பாடம் எந்த ஃபெஸ்டிவல்லயும் கெடைக்காது.

கேள்வி: பெரிய மேடையில சவுண்ட் செக்குக்கு எவ்வளவு நேரம் தருவாங்க?
*(நாகர்கோவில் டிரம்மர்)*

பதில்: மத்தியான பேண்டுக்கு பெரும்பாலும் சவுண்ட் செக்கே கெடையாது, லைன் செக்தான். முன்னால உள்ள பேண்டு எறங்கி நீங்க ஏறுறதுக்குள்ள ஒவ்வொரு மைக்கா சத்தம் வருதான்னு பாப்பாங்க, அவ்வளவுதான். அதனால எந்த மைக் எங்க, எத்தன லைன், மானிட்டர்ல (மேடையில நம்ம சத்தம் நமக்கே கேக்க வைக்கிற ஸ்பீக்கர்) யாருக்கு என்ன வேணும்னு ஒரு பேப்பர்ல படம் போட்டு முன்னாடியே அனுப்புங்க. டிரம்ஸ், ஆம்ப் எல்லாம் அங்க பொதுவா இருக்கும், சிம்பலும் ஸ்னேரும் பெடலும் நீங்க கொண்டு போறது நல்லது. மொதப் பாட்டு லேசானதா வைங்க, மிக்சர்ல நிக்கிறவரு அந்தப் பாட்டுலதான் உங்க சத்தத்தையே சரி பண்ணுவாரு.

கேள்வி: மேடையில நம்ம பாட்ட நாமே பாடுனா ராயல்டி உண்டா?
*(குலசேகரம் வாசகர்)*

பதில்: எழுதுனவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உண்டு, ஐபிஆர்எஸ்ல மெம்பரா இருந்து பாட்டப் பதிஞ்சிருந்தா. பாட்டு ராயல்டிய வசூல் பண்ணிக் குடுக்கிற, 1969ல இருந்து இருக்கிற சங்கம் அது. ஆனா பாடுன பாட்டோட லிஸ்ட்ட நடத்துறவங்க கிட்ட எழுதிக் குடுத்துட்டு ஒரு காப்பி கையில வச்சுக்கிடுங்க, லிஸ்ட் இல்லன்னா யாரு பாட்டுன்னு அங்க யாருக்குத் தெரியும். பேண்டுக்குள்ள எழுதுனது யாரு, மெட்டு யாருது, எத்தன பங்குங்கிறத மும்பை ட்ரெயின் ஏறுறதுக்கு முன்னாடியே பேசிருங்க, பைசா வந்த பொறவு பேசுனா சண்டைதான்.