கேளுங்கள், சொல்கிறோம்: மெட்டல் டிடெக்டரோடு விமானம் ஏறலாமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு மெல்பர்ன் போகிறோம். பல்லராட், பெண்டிகோ பக்கம் தங்கம் தேடிப் பார்க்க ஆசை. மெட்டல் டிடெக்டரைக் கைப்பையில் வைப்பதா, பெட்டியில் போடுவதா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: முழுசாக ஒரே இடத்தில் வைக்காதீர்கள், கழற்றிப் பிரித்து வையுங்கள். கருவிக்குத் தடை இல்லை. பிரச்சினை பேட்டரியிலும் தோண்டும் சாமான்களிலும்தான்.

லித்தியம் பேட்டரிக்கு 100 வாட் அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். மைன்லேப் எக்குவினாக்ஸ் 800 என்ற டிடெக்டரில் இருப்பது 3.7 வோல்ட், 5 ஆம்பியர் அவர், பெருக்கினால் 18.5. கவலையே இல்லை. ஆனால் தனியாக எடுத்துப்போகும் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டும்தான் போகலாம். கருவிக்குள்ளேயே இருக்கும் பேட்டரி பெட்டியில் போகலாம் என்றாலும், கருவி முழுதாக அணைந்திருக்க வேண்டும். துணிமணி அழுத்தி பட்டன் தானாக ஆன் ஆகிவிடும் என்பதால் திரையுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கையோடு வைத்துக்கொள்வதே நல்லது. எக்ஸ்பி டியூஸ் என்ற டிடெக்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் காயில் (தரையோரம் பிடித்துத் தேடும் வட்டத் தட்டு), ரிமோட், ஹெட்ஃபோன் மூன்றிலும் தனித்தனி பேட்டரி உண்டு.

தோண்டிய குழிக்குள் உலோகம் இருக்கும் இடத்தைக் காட்டும் கையடக்கக் கருவியான பின்பாயிண்டரில் 9 வோல்ட் பேட்டரி இருந்தால் கழற்றி, முனைகள் மேல் டேப் ஒட்டுங்கள். இரண்டு முனையும் ஒரே பக்கத்தில் இருப்பதால் ஒரு சாவி பட்டாலே போதும், ஷார்ட் ஆகிச் சூடேறும்.

டிடெக்டரின் தண்டு, மண்வாரி, கூர் விளிம்புள்ள தோண்டுகத்தி எல்லாம் செக்-இன் பெட்டிக்கு. சாங்கியில் 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாசலில்தான் நடக்கிறது. அங்கே தோண்டுகத்தி கண்ணில் பட்டால் உங்கள் பெட்டி ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். கத்தியை விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். காயிலுக்குள் வளைவளையாகச் செப்புக் கம்பி இருப்பதால் எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு விசாரிப்பார்கள். துணியில் சுற்றி ஒளிக்காமல் மேலாக வைத்து, தனித் தட்டில் எடுத்து வையுங்கள்.

பயணத்தில் அதிகம் உடைவது காயிலின் இரண்டு பிளாஸ்டிக் காதுகள். தண்டைக் கழற்றியதும் போல்ட்டையும் ரப்பர் வாஷர்களையும் அந்தக் காதுகளிலேயே திரும்ப மாட்டி, லேசாக முறுக்குங்கள். வாஷரும் தொலையாது, காதும் உள்பக்கம் மடங்காது. கேபிளை இறுக்கிச் சுற்றாதீர்கள். காயிலுக்குள் நுழையும் இடத்தில்தான் அது உள்ளுக்குள் அறுந்துபோகும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் கெடுபிடி இருக்குமா?
– வாசகி, ஈசூன்

பதில்: மண்ணுக்கு இருக்கும். ஏற்கெனவே பயன்படுத்திய கருவி என்றால் காயில் உறையைக் கழற்றிப் பாருங்கள். ஒரு கரண்டி மணலாவது உட்கார்ந்திருக்கும். பூட்ஸ் அடி, மண்வாரியின் மடிப்பு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் காயவைத்து எடுத்துப்போங்கள். பயணி அட்டையில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். சொல்லிவிட்டால் பார்த்துவிட்டு விடுவார்கள், மறைத்தால் அபராதம். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் தங்கம் தேட ‘மைனர்ஸ் ரைட்’ என்ற அனுமதி வாங்க வேண்டும். அது 10 ஆண்டு செல்லும்.

கேள்வி: அதே கருவியைத் தஞ்சாவூருக்கும் கொண்டுபோய்ப் பழைய கோயில் பக்கம் தேடலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் அனுமதியின்றித் தோண்டுவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேறு இடமானாலும், மண்ணுக்குள் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். ஊருக்குப் போகும்போது கருவி வீட்டிலேயே இருக்கட்டும்.