கணக்குப் பெட்டி: 641-இல் மாட்டிய எண்

கேள்வி: 3, 5, 17, 257, 65537 எல்லாமே பகா எண்கள். 2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1 கூட்டிக் கிடைக்கும் இந்த வரிசையில் அடுத்து வருவது 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டிய 4294967297. 100 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தேன், எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. இதுவும் பகா எண்தானே?

பதில்: இல்லை. 641-ஆல் வகுபடும், ஈவு 6700417. ஆனால் நீங்கள் நினைத்ததைத்தான் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவும் நினைத்தார். அதை 1732-இல் உடைத்தவர் சுவிஸ் கணிதர் ஆய்லர்.

429 கோடியைத் தாண்டிய இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வரும். அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. கையால் வகுத்து மாளாது. ஆய்லர் கண்ட குறுக்குவழி: இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தாவது வகுத்தலிலேயே மாட்டிக்கொள்கிறது! பின்னால் பிரெஞ்சுக் கணிதர் லூகாஸ் 64-ஐ 128 ஆக்கினார். இப்போது 641-க்கு முன் 257 மட்டுமே மிச்சம். அதுவும் உங்கள் வரிசையிலேயே இருக்கிறது. இந்த வரிசையில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

நெடுவகுத்தல் இல்லாமலே சரிபார்க்கலாம். 641 = 5×128+1. ஆகவே 641-ஆல் வகுத்தால் 5×128-க்கு மீதி −1 (அதாவது 641-க்கு ஒன்று குறைவு). நான்காம் அடுக்குக்கு ஏற்றுங்கள்: 625 × (2-இன் 28ஆம் அடுக்கு), மீதி 1. ஆனால் 641 = 625+16; அதனால் 625 இருக்குமிடத்தில் −16 போடலாம். 16 என்பது 2-இன் 4ஆம் அடுக்கு. 28-ம் 4-ம் சேர்ந்து 32. அதாவது 2-இன் 32ஆம் அடுக்குக்கு மீதி −1. ஒன்றைக் கூட்டினால் 0.

6700417 பகா எண்ணா என்ற சந்தேகம் வரும். இதன் வர்க்கமூலம் சுமார் 2588. அதற்குள் 128 விதிக்கு அடங்கும் காரணிகளாக 641, 769, 1153, 1409 நான்குதான் மிஞ்சும். மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆகவே பகா எண்ணேதான்.

கேள்வி: கணினியில் 2-ஐ அடிமானமாக வைத்துச் சோதித்தால் 4294967297 'பகா எண்' என்றே வருகிறதே?

பதில்: நிரலில் பிழையில்லை, 2-தான் ஏமாற்றுகிறது. அந்தச் சோதனை, அடிமான எண்ணை (சோதிக்கும் எண் − 1) என்ற அடுக்குக்கு ஏற்றி, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதி 1 வந்தால் 'பகா எண்' என்று சொல்லிவிடும். இந்த எண்ணால் வகுத்தால் 2-இன் 32ஆம் அடுக்குக்கு மீதி −1, 64ஆம் அடுக்குக்கு 1. சோதனையில் வரும் அடுக்கோ 4294967296, அது 64-இன் மடங்கு. விடை 1 வராமல் வேறென்ன வரும்? 3-ஐ அடிமானமாக வையுங்கள், குட்டு வெளிப்படும். இன்னொன்று: 32 பிட் மாறியில் இதைப் போட்டால் மேல் பிட் கழன்று வெறும் 1 ஆகிவிடும். 64 பிட் எடுங்கள்.

கேள்வி: அப்படியானால் இது எந்த வகை எண்?

பதில்: ஒற்றைப்படை. பகு எண். இரண்டே பகாக் காரணிகள். தன்னை விட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 6701059தான் வரும்; அது எண்ணைவிடக் குறைவு என்பதால் குறை எண். இரு வர்க்கங்களின் கூடுதலாக இரண்டு விதத்தில் எழுதலாம்: 65536, 1 ஆகியவற்றின் வர்க்கங்கள் ஒன்று; 62264, 20449 ஆகியவற்றின் வர்க்கங்கள் இன்னொன்று. பகா எண் என்றால் ஒரே விதம்தான் கிடைத்திருக்கும்.